நின்றபடி வாசித்தவர்

என்னைப் பற்றி மிக மோசமான விஷயங்களை என் முகத்துக்கு நேரே சொன்னவர் ஒரு பெண்மணி. அதில் ஒரு சொல்கூட அவருடையது இல்லை. எல்லாம் மற்றவர்கள் எழுதிக் கொடுத்தது. அவர் வாசித்தார், அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யார் பெயரையும் வெளியே விடாமல் வேலை பார்த்தவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். மாநகராட்சிப் புகார்ப் பிரிவில் எழுத்தர்; அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மேடம்'. மாநகராட்சி மெம்பர்களான நாங்கள் மட்டும் எங்களுக்குள் 'வாசிப்பு மேடம்' என்று சொல்லிக்கொள்வோம். அப்படிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் செகந்திராபாத்தில் ஒரு வார்டு மெம்பர். அரசியல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. ஸ்டேஷனுக்குப் பின்னால் எனக்கு ஒரு கடை இருந்தது. பந்தல், நாற்காலி, சமையல் அண்டா எல்லாம் வாடகைக்குக் கொடுப்பேன். வார்டில் காதுகுத்து, கல்யாணம், சாவு எது நடந்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். தேர்தலில் நின்றேன், ஜெயித்தேன். எதிர்த்து நின்றவர் நன்றாகப் படித்தவர். பாவம், அவரிடம் நாற்காலி இல்லை.

ஜெயித்த இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம், ஒல்லி, வெளிர் நிறக் கைத்தறிச் சேலை, ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். பேச்சு சுத்தமான திருநெல்வேலி. அவர் அப்பா அங்கிருந்து மிஷன் வேலைக்கு வந்த புராட்டஸ்டண்ட். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத்தில்தான், ஆனாலும் வாயில் தாமிரபரணி வற்றவில்லை.

"மெம்பர் அண்ணாச்சி, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. வாசிக்கேன். முடியுத வரைக்கும் பேசக்கூடாது. முடிஞ்ச பொறவு நீங்க சொல்லுததை எழுதிக்கிடுவேன்."

"மொதல்ல ஒக்காருங்க மேடம்."

"இருக்கட்டும்."

சுற்றிலும் நானூறு நாற்காலி. அவர் நின்றார். நான் காகிதத்துக்குக் கை நீட்டினேன். "குடுங்க, நானே படிச்சுக்கறேன்."

"கையில குடுக்க மாட்டேன். காதுலதான் குடுப்பேன்" என்றார்.

பிறகு வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "எங்கள் மெம்பர் புதிதாக வந்த தெருவிளக்கைத் தம்முடைய மாமனார் வீட்டுக் கொட்டகைக்கு எதிரே நடச் செய்திருக்கிறார். அங்கே இருப்பது ஒரே ஓர் எருமை. எருமைக்கு எதற்கு ஐயா விளக்கு?" என் வண்டிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். நான் கொதித்துப் போய் என்னென்னவோ கத்தினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அதே குரலில் எனக்கே திருப்பி வாசித்தார்.

"'எவன்டா அந்தப் பொறம்போக்கு'ன்னு ஒரு எடத்துல சொல்லியிருக்கிய. இருக்கட்டுமா, எடுத்துரவா?"

"எடுத்துருங்க" என்றேன்.

எடுத்தார். அடுத்த வாரம் விளக்கு இடம் மாறியது. எருமை இருட்டில் சௌக்கியமாகத்தான் இருந்தது.

புகார்ப் பிரிவு என்றால் பெரிய கூடம் என்று நினைக்க வேண்டாம். மாநகராட்சிக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, சுவரை ஒட்டி ஒரு நீள பெஞ்சு. சாக்கடை, விளக்கு, குழாய் பற்றி வருவதெல்லாம் இன்ஜினீயர்களிடம் போய்விடும். மெம்பர்களின் நடத்தை பற்றி வருவது மட்டும் இந்த மேசைக்கு வரும். மெம்பரைக் கேள்வி கேட்பது கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்கிற காரியம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தே சொறிந்துகொண்டார்.

பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "கண்டதா, கேட்டதா?" கேட்டது என்றால் அந்த வரியை அடித்துவிடுவார். ஒரு தடவை ஏழு பேர் சேர்ந்து வந்து, எங்களில் ஒரு மெம்பர் ஒரு கிழவரைக் கன்னத்தில் அறைந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார். ஆறு பேர் கேட்டவர்கள். ஏழாவது ஆள் மட்டும் கண்டவர். அவர் கண்டது அறை இல்லை, கிழவரின் கைத்தடியை மெம்பர் பிடுங்கி வீசியது. மேடம் அதை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த மெம்பர் தடியைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு ஊரெல்லாம் மேடத்தைப் புகழ்ந்து திரிந்தார்.

தெலுங்கில் வந்த புகாரைத் தெலுங்கிலும் உருதுவில் வந்ததை உருதுவிலும் வாசிப்பார். பழைய நிஜாம் காலத்துக் கோப்புகளைப் பார்ப்பதற்காக உருது எழுத்து கற்றுக்கொண்டவர். ஒரு மெம்பர் இவர் தலையைக் கண்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மேடம் கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் வாசித்தார். உள்ளே குழாயைத் திறந்துவிட்டதும் நிறுத்தினார், மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இது கேட்டது, ஆனால் அந்த மெம்பரே சொல்லிக் கேட்டது. இன்னொருவர் தீபாவளிக்கு ஒரு பெரிய இனிப்புப் பெட்டி அனுப்பினார். மேடம் அதைப் பிரித்து, "மெம்பர் குடுத்தனுப்பினது" என்று சொல்லி, அதே மெம்பர் மேல் புகார் கொடுக்கக் காத்திருந்தவர்களுக்கு பெஞ்சிலேயே விநியோகம் செய்தார். இது நான் கண்டது. எனக்கும் ஒரு ஜாங்கிரி கிடைத்தது.

ஏன் உட்காருவதில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"உக்காந்தா சாயா வரும். சாயா குடிச்சா வாசிக்கும்போது நாலு வரி குறைஞ்சிரும் அண்ணாச்சி."

ஏன் காகிதத்தைக் கையில் கொடுப்பதில்லை என்பதைச் சொல்ல அவருக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு ஜூலை மாதம், மழை பிடித்துக்கொண்டு கடையில் மாட்டிக்கொண்டார். அப்போதும் நின்றபடிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விதிப்படி, ஒரு பெண் எழுதிய புகாரை உறையில் போட்டுச் சம்பந்தப்பட்ட மெம்பருக்கே தபாலில் அனுப்பிவிட்டாராம். அந்த மெம்பர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். யார் கையெழுத்து என்று தெருவுக்கே தெரிந்தது.

"மூணே மாசம். அந்தப் பிள்ளை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. எங்க போனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கவருக்கு ஸ்டாம்பு ஒட்டினது நான்தான்" என்றார். மழை விடுவதற்கு முன்னாலேயே குடையை விரித்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

இதை இவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்ட நான்தான் அடுத்த வருடம் அந்த மெம்பரைப் போல ஒரு காரியத்தைச் செய்தேன்.

அந்தப் புகார் குழாயைப் பற்றியது. அவர் வழக்கம்போல் நின்று வாசித்தார். "குழாயடியில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது மெம்பரின் ஆட்கள் தள்ளுவண்டியில் அண்டாக்களைக் கொண்டுவந்து முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டதற்கு மெம்பர், 'இது நான் போட்ட குழாய், நான் சொல்கிறபடிதான் தண்ணீர் வரும்' என்றார். ஊருக்கெல்லாம் நாற்காலி போடுகிறவர், குடத்தோடு நிற்கிறவளுக்குக் கொஞ்சம் வழி விடக்கூடாதா?"

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். வரிசையில் இருபது பேர் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கடைசி வரி என்னைக் குத்தியது. இப்படிப் பேசுகிற ஆள் எங்கள் வார்டில் ஒருவர்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். எல்லோருக்கும் கார்டு அண்ணன். கோயில் திருவிழா மேடையானாலும் டீக்கடையானாலும் இந்த மாதிரி 'கூடாதா' போட்டுத்தான் முடிப்பார்.

"கார்டு அண்ணன்தானே மேடம்?"

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

"அவர் இல்லன்னாவது சொல்லிடுங்க. மனசு ஆறிடும்."

"யார் எழுதலன்னு சொல்ல ஆரம்பிச்சா, கடைசில எழுதினவங்க ஒருத்தர்தான் மிஞ்சுவாவ, அண்ணாச்சி."

இல்லை என்று சொல்லவில்லை அல்லவா, அப்படியென்றால் ஆமாம்தான் என்று எடுத்துக்கொண்டேன். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஆட்களைக் கண்டிப்பதாகப் பதில் எழுதிக் கொடுத்தேன், கண்டித்தும் வைத்தேன். ஆனால் மனசுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து கார்டு அண்ணனே கடைக்கு வந்தார். மகள் கல்யாணம், மாதா கோயில் வளாகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் விருந்து, நூற்றைம்பது நாற்காலி வேண்டும் என்றார்.

"அடடா, முகூர்த்த நாளாச்சே அண்ணே. இருக்கறதெல்லாம் போயிடுச்சு" என்றேன். சொல்லும்போது எனக்கு இனித்தது. அதை மறைத்து என்ன பயன்?

அவர் வேறு கடை தேடி அமீர்பேட் வரை போனாராம். அந்தக் காலத்தில் அமீர்பேட்டில் என்ன இருந்தது? எங்கும் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் கோயிலிலிருந்து எட்டு பெஞ்சு மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். விருந்துக்கு நான் போகவில்லை, ஆகவே இதெல்லாம் கேட்டதுதான். வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்று சாப்பிட்டார்கள். கார்டு அண்ணன் ஒவ்வொருவராகப் போய்க் கை பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கடையில் ஒரு கல்யாண வீட்டார் அண்டா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு புகார். இதுக்குப் பேர் உண்டு. என் பேர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சென்ற சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். விருந்தினர்கள் நின்றுகொண்டு சாப்பிட்டதைக் கண்டேன். அங்கிருந்து நடந்து மெம்பரின் கிடங்குக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்ததைக் கண்டேன். அந்த வீட்டுக்காரர் தம்மேல் புகார் எழுதியதாக நினைத்து மெம்பர் நாற்காலி தர மறுத்தார் என்று நம்புகிறேன். இந்த வரி நான் கண்டதல்ல, ஆகவே மெம்பர்தான் பதில் சொல்ல வேண்டும். மேலும் ஒன்று. முந்தைய புகாரில் ஓர் ஆளை நினைவுபடுத்தக்கூடிய வாக்கியம் ஒன்று இருந்தது. புகார்ப் பிரிவு எழுத்தர் அதை நீக்காமல் வாசித்தார். அது எழுத்தரின் தவறு. அந்த எழுத்தர் நான்."

முதல் முறையாக அந்தக் குரல் கடைசி வரியில் இறங்கிப் போனது. அண்டா பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். 

"இது என் கடை மேடம். யாருக்குக் குடுக்கணும், குடுக்கக்கூடாதுன்னு மாநகராட்சி சொல்லுமா?"

எழுதிக்கொண்டார்.

"அவர் எழுதினாரா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"எழுதியிருந்தாலும் நாற்காலி குடுத்திருக்கணும்லா?"

 பதில் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு வந்து, "பதில் வரல்ல. மறுபடி வாசிக்கேன்" என்று அதே காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். தெருவில் கறுப்புக் குடை தெரிந்ததும் என் வண்டிக்காரன், "சாப், மேடம் ஆரய்" என்று, மேடம் வருகிறார் என உருதுவில் குரல் கொடுப்பான். எதிர்க்கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வந்தார்கள். 'கூரை வரை அடுக்கியிருந்ததைக் கண்டேன்' என்ற இடம் அவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நாலாவது வாரம் என் மனைவி கடைக்குள் வந்து, "வாராவாரம் இத்த என்னால கேக்க முடியாது. அவர்ட்ட போய் இருக்கறத சொல்லிட்டு வாங்க" என்றாள்.

போனேன். கார்டு அண்ணன் வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தெருவே கேட்டும் அவர் காதுக்கு மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை என்பது அவர் என்னை வரவேற்ற விதத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாம்ப்பா லேட்டா வந்து கேட்டுட்டேன். உம்மேல தப்பு இல்ல" என்றார். 

"சேர் இருந்துது அண்ணே. நான்தான் குடுக்கல."

செய்தித்தாளை மடித்தார். ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"என் சம்பந்தி பெங்களூர்லேருந்து வந்தாரு. அவருக்கு முட்டி வலி. அன்னைக்கு நின்னுகிட்டேதான் சாப்பிட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். 

மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவங்க என்ன சொன்னாவ?" என்று கேட்டார். "சம்பந்திக்கு முட்டி வலின்னாரு" என்றேன். அதை அப்படியே எழுதி, கீழே 'முடிந்தது' என்று போட்டார். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். பெஞ்சில் அடுத்து இருந்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் பார்த்துவிடக்கூடாது என்கிற பயம் மட்டும் அதற்குப் பிறகு எது செய்தாலும் கூடவே இருந்தது.

அவரும் அதற்குப் பிறகு ஒரு விஷயத்தில் மாறினார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறவர்களிடம், "அழகா எழுதாதிய. அழகு ஆளைக் காட்டிக் குடுத்துரும்" என்று சொல்ல ஆரம்பித்தார். உவமை, பழமொழி, குத்தல் எது இருந்தாலும் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓர் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் தம்முடைய புகாரில் எஞ்சியதைப் பார்த்துவிட்டு அழுதே விட்டார்.

அடுத்த தேர்தலில் தோற்றேன். என்னை ஜெயித்தவன் எங்கள் தெருவிலேயே வளர்ந்த பையன். வீட்டில் தமிழ், வெளியே மூன்று பாஷையும் கலந்து அடிப்பான். வந்த ஆறாம் மாதம் பொதுக் குழாய்க்கு ஒரு பெட்டி அடித்துப் பூட்டுப் போட்டான். சாவி அவன் மச்சானிடம். காலை ஏழு மணிக்கு மேல் வந்தால் தண்ணீர் கிடையாது. கேட்கப் போன என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் காலத்துல நெறைய பிடிச்சீங்கல்ல, போதும்" என்று சொல்லியிருக்கிறான்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அது எவ்வளவு நீளம் என்று. என் முறை வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"உங்க வீட்டம்மாவைப் பேசினதை நீங்க கண்டியளா?"

"அவ வந்து சொன்னா மேடம்."

"அப்ப அவங்க வந்து எழுதட்டும்." ஒரு கோடு.

'பொதுக் குழாய்க்குப் பூட்டுப் போட்டவன் நாளை மழைக்கும் பூட்டுப் போடுவான்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்காக இரண்டு ராத்திரி யோசித்திருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நல்லாருக்கு. அதனாலதான் எடுக்கேன்."

இரண்டு பக்கத்தில் நாலு வரி மிஞ்சியது. எழுந்திருக்கும்போது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நான்னு அவனுக்குத் தெரியாதில்ல மேடம்? இன்னும் ரெண்டு வாரத்துல பொண்ணு கல்யாணம்."

 பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "என் வாயிலருந்து போவாது" என்று மட்டும் சொன்னார்.

அவர் வாயிலிருந்து போகவில்லை. ஒரு வாரத்துக்குள் புது மெம்பர் கடைக்கு வந்தான். கூட்டம் போடுவதற்கு நாற்காலி வேண்டுமாம். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"கைக்கு, எதுக்குன்னே தெரியல அண்ணா, என் மேலயும் பெட்டிஷன் போட்டுட்டாங்க. மேடம் வந்து படிச்சிட்டுப் போச்சு. யாருன்னு எனக்கு மாலும், நல்லாத் தெரியும். அந்தக் கார்டு பெருசுதான். இந்த வார்டுல வாயத் தொறக்கறது வேற யாரு? அவர் வாசல்ல பெரிய குப்பைத் தொட்டி ஒண்ணு எறக்கச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வரும்."

 தொட்டி வருகிற அந்த வாரம்தான் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை காஞ்சன்பாக்கில் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பெரிய இடம், எங்கள் வாசலிலேயே பந்தல். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். 'அப்படியா' என்று சொல்லிவிட்டு நாற்காலியை எண்ணிக் கொடுத்தால் போதும். கார்டு அண்ணனுக்கு ஏன் என்று தெரியாமலே தொட்டி வந்திருக்கும், ஏன் என்று தெரியாமலே நாற்காலி வராமல் போனது போல.

"அது நான்" என்றேன்.

"நக்கோ அண்ணா, தமாஷ் வேணாம்."

"நான்தான்டா. நாலு வரி. கொழாய்க்குப் பூட்டு, சாவி ஒன் மச்சான் கையில, ஏழு மணிக்கு மேல தண்ணி கெடையாது, மூணு நாள் நானே நின்னு பாத்தேன். சரியா இருக்குதா?"

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து, நாற்காலி வேண்டாம் என்று சொல்லாமலே போய்விட்டான்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் சொன்னிய?" என்றார் கோபமாக. காரணத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "அப்ப சரி" என்றார். பூட்டைப் பற்றி அவர் விடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை அவன் வீட்டு வாசலில் நின்று வாசித்துத்தான் அதை எடுக்க வைத்தார்.

அதற்கு முன்பே திங்கட்கிழமை தொட்டி வந்துவிட்டது, கார்டு அண்ணன் வாசலுக்குப் பதிலாக என் வாசலுக்கு. கல்யாணப் பந்தலுக்கு நேர் எதிரே, இரும்பில், ஓர் ஆள் உயரத்துக்கு. என் மனைவி என்னைத் திட்டாத திட்டு இல்லை. கல்யாணத்தன்று காலையில் கார்டு அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து, என் பந்தல் துணியிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, நாலு மூங்கில் நட்டுத் தொட்டியை மறைத்துக் கட்டினார். "இந்தக் கண்றாவியக் கொண்டாந்து இங்கதான் வெக்கணுமா? கல்யாண வீடுன்னு ஒரு வாரம் பொறுக்கக்கூடாதா?" என்று முனகிக்கொண்டே கட்டினார். நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணிக்கு மேடம் வந்தார். அதே குடை. பழக்கத்தில் நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க மேடம்" என்றேன், 'இருக்கட்டும்' என்ற பதிலை எதிர்பார்த்து.

"இப்ப நீங்க மெம்பர் இல்லியே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமையல்கட்டுப் புகை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உட்கார்ந்திருந்த தைரியத்தில், குனிந்து மெதுவாகக் கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க மேடம். என் மேல வந்த அந்தக் கொழாய்க் கடுதாசி எழுதினது யாரு?"

பந்தலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். வார்டு முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தது. குழாயடிப் பெண்கள், கார்டு அண்ணன், எதிர்க்கடைக்காரர்கள், என்னிடம் தோற்ற படித்தவர், ஓரமாக என் வண்டிக்காரன், அவன் பக்கத்தில் என் மனைவி.

"எழுதினவங்க இங்க இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் அண்ணாச்சி" என்றார். "எல்லாருக்கும் நாற்காலி இருக்கான்னு போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கிடங்கைத் திறந்து எடுத்து வந்தேன்.